பழகிய விரலும் புதிய திரையும்: கண்டிப் பகுதியில் அறிதல் தளர்ந்தோரும் அன்றாடத் தொழில்நுட்பமும்

மின்கட்டண விவரம் குறுஞ்செய்தியாக வந்து சேர்வதும், ஓய்வூதியமும் நலன்புரிக் கொடுப்பனவும் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும், வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளின் குரல் வாட்ஸ்அப் வழியாகவே வீட்டை அடைவதும் கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, கம்பளை, கலஹா, தெல்தோட்டை போன்ற ஊர்களிலும் இன்று சாதாரண நிகழ்வுகளாகிவிட்டன. ஒரு தலைமுறைக்கு முன்னர் வரிசையில் நின்று, மனிதரிடம் பேசி, காசைக் கையில் எண்ணி வாங்கி முடித்த காரியங்களிற் பல இப்போது ஒரு திரையையும் சில எண்களையும் இடையில் வைத்தே நடைபெறுகின்றன. நினைவும் கவனமும் தெளிவாக இயங்கும் ஒருவருக்கு இம்மாற்றம் வசதியாக அமைந்திருக்கிறது. அறிதல் ஆற்றல் குன்றிய ஒருவருக்கோ, தம் சொந்தப் பணத்தையும் உறவையும் நேரத்தையும் தாமே ஆளும் உரிமையைப் பிறர் கைக்கு மாற்றிவிடக்கூடிய ஒன்றாக அது இருக்கிறது.

அறிதல் ஆற்றல் என்று இங்கு குறிப்பிடப்படுவது, கண்டதையும் கேட்டதையும் கவனித்தல், நினைவில் இருத்தல், மொழியாகப் புரிந்துகொள்ளல், செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தல், தீர்மானித்தல் ஆகிய மூளைச் செயற்பாடுகளின் தொகுதியாகும். அது குன்றுவதற்குக் காரணங்கள் பல. வைத்தியர்கள் டிமென்சியா என அழைக்கும் மறதிநோய், நினைவையும் மொழியையும் தீர்மானிக்கும் திறனையும் படிப்படியாகச் சிதைத்து, அன்றாட வாழ்வைத் தனித்து நடத்த இயலாத நிலைக்கு ஒருவரைக் கொண்டுசெல்கிறது. அல்சைமர் நோய் அதன் மிகப் பரவலான வகையாகும். வயதுக்கு இயல்பான மறதியைக் கடந்தும் மறதிநோயாக முற்றாமலும் நிற்கும் இடைநிலை, மெல்லிய அறிதல் தளர்வு எனப்படுகிறது. பக்கவாதமும் வீதி விபத்துகளில் ஏற்படும் தலைக்காயமும் நடுவயதினரையும் இளைஞரையும்கூட இத்தகைய நிலைக்கு உள்ளாக்குகின்றன. டவுன் சின்ட்ரோம் போன்ற பிறவி நிலைகளில் அறிதல் வளர்ச்சியே வேறொரு வேகத்தில் அமைகிறது.

இலங்கையில் இது ஒரு சில குடும்பங்களின் தனிக் கவலையாக இருந்த காலம் கடந்துவிட்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோர் மொத்தச் சனத்தொகையில் 7.9 சதவீதமாக இருந்தனர். 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அவ்விகிதம் 12.6 ஆக உயர்ந்தது. ராகமைப் பகுதியில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, 65 வயதைக் கடந்தோரில் 3.98 சதவீதத்தினரிடம், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரிடம், மறதிநோயைக் கண்டறிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர்; அவர்களில் 60 சதவீதத்துக்கும் அதிகமானோர் குறைந்த, நடுத்தர வருமானம் கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். முதியோர் பெருகுவதும் அன்றாடச் சேவைகள் திரைக்குள் புகுவதும் ஒரே காலத்தில் நிகழ்வதே இந்நாட்டின் நிலைமையை நெருக்கடியாக்குகிறது.

இயந்திரம் மனத்திடம் கேட்பவை

தானியங்கி வங்கி இயந்திரத்தில் பணம் எடுப்பது ஒரே செயலாகத் தோன்றினாலும், உண்மையில் அது பல சிறு செயல்களின் சங்கிலியாகும். அட்டையைச் சரியான பக்கமாகச் செலுத்துதல், மூன்று மொழிகளில் ஒன்றைத் தேர்தல், இரகசிய எண்ணை நினைவிலிருந்து எடுத்தல், எந்தக் கணக்கு என்னும் கேள்விக்கு விடையளித்தல், தொகையைத் தட்டுதல், பணத்தையும் அட்டையையும் மறவாமல் எடுத்துக்கொள்ளல் என ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆற்றலை வேண்டி நிற்கிறது. இவற்றுள், ஒரு படியைச் செய்துகொண்டிருக்கும்போதே முந்திய படியையும் அடுத்த படியையும் மனத்தில் ஏந்தியிருக்கச் செய்வது செயல்நினைவு எனப்படுகிறது. படிகளை ஒழுங்குபடுத்தி, தவறு நேர்ந்தால் அதனை உணர்ந்து திருத்துவது செயலாட்சித் திறன் எனப்படுகிறது. மறதிநோயின் தொடக்கத்திலும் தலைக்காயத்தின் பின்னரும் விரைவிலேயே தளரக்கூடியவற்றுள் இவ்விரண்டும் அடங்குவதால், பேச்சிலும் நடையிலும் எந்த மாற்றமும் தெரியாத ஒருவர் இயந்திரத்தின் முன் திகைத்து நிற்பதைக் காண நேர்கிறது.

இதனை மேலும் கடினமாக்குவது நேர வரம்பாகும். குறித்த விநாடிகளுக்குள் விடை வராவிட்டால் திரை முதற்பக்கத்துக்குத் திரும்பிவிடுகிறது. பின்னால் நிற்போரின் பொறுமையின்மை அழுத்தத்தைக் கூட்டுகிறது. மும்முறை தவறான எண்ணை இட்டால் அட்டை முடக்கப்படுகிறது. மெதுவாகச் சிந்திக்கும் ஒருவர் தவறாகச் சிந்திப்பவராக நடத்தப்படுவது இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

தொழில்நுட்பக் கருவிகளைக் கையாளும் திறனை மருத்துவம் நெடுங்காலமாகவே கவனித்து வந்துள்ளது. அமெரிக்க ஆய்வாளர்களான லோட்டனும் புரோடியும் 1969இல் வகுத்த அளவுகோல், முதியவர் ஒருவரின் தன்னிறைவை மதிப்பிட எட்டுச் செயல்களை எடுத்துக்கொண்டது. தொலைபேசியைப் பயன்படுத்துவது, பொருள் வாங்குவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, பயணம் செய்வது, மருந்தை வேளை தவறாமல் உட்கொள்வது, பணத்தை நிர்வகிப்பது ஆகியவையே அவ்வெட்டும். இவற்றில் ஏறக்குறைய அனைத்தும் இன்று ஏதேனும் ஒரு கருவியுடன் பின்னிப்பிணைந்திருப்பதால், கருவியைக் கையாள முடியாமற் போவது தன்னிறைவை இழப்பதற்கு மிக நெருங்கிய ஒன்றாகிவிட்டது.

மலையகச் சூழலில் இவ்வளவுகோலுக்குத் தனியான பயனும் எச்சரிக்கையும் உண்டு. தாளில் எழுதவும் வரையவும் கணக்கிடவும் சொல்லும் பரிசோதனைகள் பள்ளிக்கல்வி குறைந்தோரிடம் குறைவான புள்ளிகளையே தருகின்றன. தோட்டப்புறங்களில் பிறந்து சிறுவயதிலேயே கொழுந்து பறிக்கச் சென்ற பெண்கள் பலருக்கு எழுத்தறிவு மட்டுப்பட்டது என்பதால், அத்தகைய பரிசோதனை அவர்களை நோயாளராகக் காட்டிவிடக்கூடும். நேற்றுவரை ரைஸ் குக்கரையும் தொலைக்காட்சியையும் தாமே இயக்கிய ஒருவர் இன்று தடுமாறுகிறாரா என்று வீட்டாரிடம் கேட்பது அங்கே நம்பகமான தடயத்தைத் தருகிறது. என்றுமே இயந்திரத்தில் பணம் எடுத்திராத ஒருவர் அதில் தவறுவது நோயின் அறிகுறியாகாது. இயன்றது இயலாமற் போவதே அறிகுறியாகும்.

இருவகை நினைவுகள்

பத்தாண்டுகளாகப் பயன்படுத்திய பொத்தான் தொலைபேசியைத் தடையின்றி இயக்கும் முதியவர், பிள்ளைகள் அன்போடு வாங்கித் தந்த புதிய திறன்பேசியில் ஓர் அழைப்பைக்கூட எடுக்க முடியாமல் தவிப்பது பல வீடுகளில் காணப்படும் நிலையாகும். இதனைப் பிடிவாதம் என்றோ அக்கறையின்மை என்றோ கருதுவது தவறு என்பதை நரம்பியல் ஆய்வுகள் தெளிவாக்கியுள்ளன.

1953இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கர், அதன்பின் புதிய நிகழ்ச்சி எதனையும் நினைவிற் பதிக்க இயலாதவரானார். அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திர வடிவத்தின் எல்லைக்குள் கோடு வரையும் பயிற்சியை அவருக்கு நாள்தோறும் அளித்தார். முந்திய நாள் அப்பயிற்சியைச் செய்ததாகவே மொலைசனுக்கு நினைவில்லை. ஆயினும் அவரது கை நாளுக்கு நாள் தேர்ச்சியடைந்தது. நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் சேமிக்கும் நினைவு ஒன்று, செய்து செய்து கைவந்த பழக்கத்தைச் சேமிக்கும் நினைவு வேறொன்று என்பதும், முதலாவது அழிந்த பின்னரும் இரண்டாவது நிலைத்திருக்கும் என்பதும் இதன்வழி நிறுவப்பட்டன. இவ்விரண்டாவது வகை செய்முறை நினைவு எனப்படுகிறது.

அல்சைமர் நோயிலும் செய்முறை நினைவு ஏனையவற்றைவிட நீண்டகாலம் தாக்குப்பிடிக்கிறது. பழைய தொலைபேசியில் விரல் தானாகச் சென்று எண்ணைத் தட்டுவது அந்நினைவின் வேலையாகும். புதிய கருவியை விளங்கிக்கொள்வதோ அழிந்துகொண்டிருக்கும் மற்ற நினைவை நாடுவது. எனவே, நோயாளரின் கையில் இருக்கும் பழைய கருவியை நீக்கிப் புதியதைக் கொடுப்பது அவருக்கு எஞ்சியிருக்கும் திறனை நீக்குவதாகவே முடிகிறது. கருவி மாறாமலே அதன் முகப்பு மட்டும் மாறுவதும் இதே விளைவைத் தருகிறது: மென்பொருள் புதுப்பித்தலால் பச்சைப் பொத்தான் இடம் மாறுவது, பல்லாண்டு சமைத்த அடுக்களையில் உப்பும் சீனியும் இரவோடிரவாக இடம் மாற்றப்பட்டதற்கு ஒப்பானது.

கைக்கொள்ளும் வழிகள்

அறிதல் தளர்ந்தோர் கருவிகளுடன் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை முறையாக ஆராய்ந்தவர்களுள் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ் நியூகோர்ட் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய குழுவினரும் மின்கேத்தல், தொலையியக்கி, கையடக்கத் தொலைபேசி, பணம் எடுக்கும் இயந்திரம் எனச் சுமார் 90 அன்றாடப் பொருட்களைப் பற்றிக் கேட்டறியும் ஒரு வினாத்தொகுதியை உருவாக்கினர். மறதிநோயின் தொடக்கத்தில் உள்ளோர், மெல்லிய அறிதல் தளர்வுடையோர், அத்தகைய தளர்வற்ற முதியோர் ஆகிய மூன்று பிரிவினராக 157 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு, தளர்வுடைய இரு பிரிவினரும் குறைவான கருவிகளையே பயன்படுத்துவதையும், பயன்படுத்துபவற்றிலும் கூடுதல் சிரமத்தை உணர்வதையும் எடுத்துக்காட்டியது. நோய் முற்றுவதற்கு முன்பே கருவிகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்படுவதை இதிலிருந்து அறியலாம்.

ஆனால், கைவிடுதல் மட்டுமே அவர்கள் செய்வதன்று. தளர்வை உணரும் மனிதர் அதனை ஈடுசெய்யப் பல உபாயங்களைத் தாமே கண்டுபிடிக்கின்றனர். கருவியை என்றும் ஒரே இடத்தில் வைக்கின்றனர். நாளில் ஒரே வேளையில் மட்டும் இயக்குகின்றனர். வேண்டிய பொத்தானில் நிற ஒட்டியை ஒட்டுகின்றனர். தொலையியக்கியில் இரண்டு பொத்தான்களைத் தவிர மற்றவற்றை ஒட்டுநாடாவால் மூடிவிடுகின்றனர். படிகளைத் தாளில் எழுதிச் சுவரில் மாட்டுகின்றனர். செய்யும்போதே படிகளை வாய்விட்டுச் சொல்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு விசித்திரமாகத் தோன்றும் இவ்வொழுங்குகளை வீட்டைத் துப்புரவாக்கும் பெயரால் கலைத்துவிடுவது, ஊன்றி நடப்பவரிடமிருந்து கோலைப் பிடுங்கும் செயலாகும்.

கண்டியின் நிலைமை

கண்டியில் இவ்வுபாயங்களுக்கு அப்பால் மனிதர்களே பெரும் துணையாக இருக்கின்றனர். பேரப்பிள்ளை எண்ணைத் தட்டித் தருகிறார். அயல்வீட்டார் குறுஞ்செய்தியை வாசித்துக் காட்டுகிறார். கிராம உத்தியோகத்தர் விண்ணப்பத்தை விளக்குகிறார். ‘கொமியூனிகேஷன்’ என்று ஊரார் அழைக்கும் சிறுகடைகள் ரீலோட் போடுவது, நிழற்பிரதி எடுப்பது, இணையப் படிவம் நிரப்புவது ஆகிய பணிகளைச் செய்து கொடுக்கின்றன. தொழில்நுட்பத்துக்கும் முதியவருக்கும் இடையில் நிற்கும் இம்மனிதர்கள் இல்லாவிட்டால் எண்ணிம நிர்வாகம் என்பது மலைச்சரிவுகளில் வாழும் பலரைச் சென்றடைந்தே இராது. பிள்ளைகள் கொழும்புக்கோ மத்திய கிழக்குக்கோ வேலைக்குச் சென்றுவிட, முதியோர் தனித்திருக்கும் வீடுகள் பெருகும்போது இத்துணையும் மெலிந்துபோகிறது என்பதே கவலைக்குரியது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடி இவ்விடயத்தில் ஒரு பாடத்தை விட்டுச்சென்றது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமாகி 2023 செப்டம்பர் தொடக்கத்தில் நிறுத்தப்பட்ட தேசிய எரிபொருள் அனுமதி முறையில், ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கியூஆர் குறி, அதாவது கட்டங்களாலான சதுரக் குறி, வழங்கப்பட்டது. பதிவு செய்வதற்கு இணையமும், தொலைபேசிக்கு வந்துசேரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் தேவைப்பட்டன. இது பலருக்கு எட்டாததாக இருந்தது. ஆனால், யாரேனும் ஒருவர் உதவியுடன் ஒருமுறை பதிவு செய்தபின் அக்குறியைத் தாளில் அச்சிட்டு, நெகிழியுறை இட்டு, முச்சக்கர வண்டியிலோ மோட்டார் சைக்கிளிலோ வைத்துக்கொள்ள முடிந்தது. அதன்பின் நினைவிலிருத்த எதுவும் இல்லை, காட்டினால் போதும். கடினமான படியை ஒருமுறை மட்டும், துணையுடன் செய்துமுடித்து, தொடரும் பயன்பாட்டைக் கையில் பிடிக்கும் பொருளாக மாற்றிவிட்டால் அறிதல் தளர்ந்தவரும் சமமாகப் பங்குகொள்ள முடியும் என்பதற்கு இது நாடறிந்த சான்றாகும்.

2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கொடுப்பனவுகள் பயனாளிகளின் வங்கிக் கணக்குகளுக்கே செல்கின்றன; அரச நிறுவனங்களுக்கான கட்டணங்களை இணையவழி செலுத்தும் ‘கவ்பே’ முறை 2025 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கப்பட்டது. இத்தகைய முயற்சிகள் அலைச்சலைக் குறைக்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும், இவற்றை வடிவமைப்போர் எந்த மக்களை மனத்திற்கொள்கின்றனர் என்பதை ஒரு புள்ளிவிவர வழக்கம் வெளிப்படுத்துகிறது. தொகைமதிப்புப் புள்ளிவிவரத் திணைக்களம் கணினி அறிவை அளக்கும்போது 5 முதல் 69 வயது வரையானோரையே கணக்கில் எடுக்கிறது. 70 வயதைக் கடந்தோர், அதாவது மறதிநோய் மிகுதியாகக் காணப்படும் வயதினர், அவ்வளவீட்டுக்குள் வருவதேயில்லை. கணக்கில் வராதோருக்காகத் திட்டமிடுவதும் அரிதாகவே நிகழ்கிறது.

மொழியும் இங்கே தனிக் கவனம் பெறவேண்டியது. பல மொழி அறிந்த ஒருவரை மறதிநோய் தாக்கும்போது, பின்னாளில் கற்ற மொழி முதலில் மங்குவதும் தாய்மொழி நெடுநாள் நிலைப்பதும் அடிக்கடி காணப்படுகின்றன. கண்டி நகரில் வணிகம் செய்தோ அரச பணியில் இருந்தோ சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சரளமாகக் கையாண்ட தமிழர் அல்லது முஸ்லிம் ஒருவர், முதுமையில் ஆங்கிலத் திரையின் முன் திகைக்கலாம். பொது அறிவித்தல்களிலும் தொலைபேசிக் குரல் வழிகாட்டல்களிலும் தமிழ் முழுமையாகவும் பிழையின்றியும் இருப்பது மொழியுரிமையின் பாற்பட்டது மட்டுமல்லாமல், அறிதல் தளர்ந்தோர் தொடர்ந்து இயங்குவதற்கான மருத்துவத் தேவையும் ஆகும். எழுத்தறியாதோருக்கு, தொலைபேசியில் பெயருக்குப் பதிலாகப் பிள்ளைகளின் படங்களை இட்டுவைப்பது அதே பயனைத் தரும்.

பணமும் நம்பிக்கையும்

அன்றாடத் தொழில்நுட்பத்தில் மிகுந்த ஆபத்துள்ள பகுதி பணமாகும். இரகசிய எண்ணை மறந்துவிடுவோமோ என்னும் அச்சத்தில் அதனைத் தாளில் எழுதி அட்டையுடனேயே சேர்த்து வைப்பதும், கடைக்காரரிடமோ தூரத்து உறவினரிடமோ அட்டையையும் எண்ணையும் ஒப்படைத்துப் பணம் எடுத்துவரச் சொல்வதும் முதியோரிடையே வழக்கமாக உள்ளன. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டுப் பணத்தைக் கவர்வோர் குறித்து இலங்கை மத்திய வங்கி மக்களை எச்சரித்து வருகிறது. ஆனால், அந்த எச்சரிக்கையை நினைவில் வைத்திருப்பதே ஒரு நினைவுப் பணியாகையால், அதனை அதிகம் வேண்டுவோருக்கே அது குறைவாகப் பயன்படுகிறது.

இந்நிலையில் பாதுகாப்பின் பெயரால் பணத்தின் முழு ஆட்சியையும் பறித்துக்கொள்வதே குடும்பங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கும் வழியாகும். அது அவசியமில்லாத கட்டத்திலேயே நிகழ்ந்துவிடுவதுண்டு. அன்றாடச் செலவுக்கான சிறு தொகையை ஒரு கணக்கிலும் சேமிப்பை அட்டை இல்லாத வேறொரு கணக்கிலும் வைப்பது, ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகைக்கு வரம்பு கோருவது, நம்பிக்கைக்குரிய ஒருவருடன் கூட்டுக் கணக்கைத் திறப்பது, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் அவருடைய தொலைபேசிக்கும் குறுஞ்செய்தியாகச் செல்லுமாறு ஒழுங்கு செய்வது ஆகியவை, முதியவரின் கையில் காசு புழங்கும் நிலையைக் காத்தபடியே இழப்பைக் குறைக்கும் வழிகளாகும். இவ்வேற்பாடுகள் அவர் தெளிவாக முடிவெடுக்கக்கூடிய தொடக்க காலத்திலேயே, அவருடைய சம்மதத்துடன் செய்யப்பட வேண்டும்.

பயன் தரும் முறைகள்

சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கருவி இழந்த ஆற்றலை ஈடுசெய்யும் என்பதற்கு உறுதியான சான்று உண்டு. பிரித்தானிய உளவியலாளர் பார்பரா வில்சனும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நினைவும் திட்டமிடலும் பாதிக்கப்பட்ட 143 பேருக்கு, மருந்து உட்கொள்ளல் போன்ற வேலைகளை உரிய நேரத்தில் நினைவூட்டும் சிறு பேஜர் கருவி தரப்பட்டது. ஆய்வை நிறைவு செய்தோரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், கருவி இல்லாத காலத்தைவிடத் தம் அன்றாடக் காரியங்களைக் கணிசமாகக் கூடுதல் வெற்றியுடன் செய்தனர். அவர்கள் கற்க வேண்டியிருந்ததோ ஒலி கேட்டதும் ஒரு பெரிய பொத்தானை அழுத்திச் செய்தியை வாசிப்பது மட்டுமே. இன்று எந்தச் சாதாரண கையடக்கத் தொலைபேசியின் அலாரமும் இப்பணியைச் செய்ய வல்லது.

புதிய கருவி தவிர்க்க இயலாததாகும்போது கற்பிக்கும் முறை முக்கியமாகிறது. தவறு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்னும் பொதுவான கொள்கை நினைவிழந்தோருக்குப் பொருந்தாது. தவறிய செயல் தவறு என்ற நினைவு மறைந்துபோய், செய்த பழக்கம் மட்டும் எஞ்சிவிடுவதால், அவர்கள் தவறையே திரும்பத் திரும்பச் செய்ய நேர்கிறது. உளவியலாளர் பேட்லியும் மேலே குறிப்பிட்ட வில்சனும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, ஊகிக்க இடமளிக்காமல் ஒவ்வொரு படியையும் முதலிலிருந்தே சரியாகச் செய்யவைக்கும் தவறிலாக் கற்றல் முறை இத்தகையோருக்கு அதிகப் பயன் தருவதைக் காட்டியது. ஒரு வேளையில் ஒரே படியைக் கற்பித்து, சில நிமிடங்கள் கழித்தும், பின்னர் அரை மணி கழித்தும், மறுநாளும் அதனையே செய்யவைப்பது அதனோடு இணைத்துக் கையாளத்தக்கது. டவுன் சின்ட்ரோம் உள்ள இளைஞர்கள் ஆண்டுக்கணக்கில் இவ்வாறு படிப்படியாகப் புதியவற்றைக் கற்றுக்கொண்டே செல்லக்கூடியவர்கள். அவர்களால் முடியாது என முன்கூட்டியே தீர்ப்பளிப்பதுதான் பெருந்தடையாக நிற்கிறது.

திறன்பேசியைத் தர விரும்புவோர் அதனை எளிமையாக்கித் தரவேண்டும். சாம்சுங் தொலைபேசிகளில் ஈஸி மோட் என்னும் எளிய முகப்பு உள்ளது. ஆப்பிள் நிறுவனம் அறிதல் குறைபாடு உடையோரைக் கருத்திற்கொண்டு பெரிய படங்களையும் சில செயல்களையும் மட்டுமே காட்டும் முகப்பு ஒன்றை 2023இல் சேர்த்தது. தேவையற்ற செயலிகளை நீக்கி, தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்திவைப்பதும் உதவும். பாதுகாப்புப் புதுப்பித்தல்களை வீட்டார் உடனிருந்து செய்துகொடுக்கலாம். நோயர் காவு வண்டிக்கான 1990, அரச தகவல் நிலையத்துக்கான 1919, தேசிய மனநல உதவிச் சேவைக்கான 1926 ஆகிய நான்கிலக்க எண்கள் நினைவுக்கு எளியவையாதலால் அவற்றைப் பெரிய எழுத்தில் தொலைபேசியின் அருகில் ஒட்டிவைப்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்றது.

கருவிகளைக் கையாளுவதில் திடீரென ஏற்படும் தடுமாற்றத்தை முதுமை எனத் தள்ளிவிடாமல் வைத்தியரிடம் தெரிவிப்பதும் அவசியம். தைரொயிட் சுரப்பிக் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை அறிதலைத் தளரச் செய்யக்கூடியவை. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மங்கிய பார்வையும் குறைந்த செவித்திறனும் அறிதல் தளர்வாகத் தவறாக எண்ணப்படலாம். கண்டி தேசிய வைத்தியசாலையையும், 1962இல் தொடங்கப்பட்ட மருத்துவ பீடத்தைக் கொண்ட பேராதனைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இயங்கும் பேராதனைப் போதனா வைத்தியசாலையையும் அருகில் கொண்டிருப்பது இப்பகுதி மக்களுக்குக் கிடைத்த வாய்ப்பாகும்.

கருவிகளிலிருந்து முதியோரை முற்றாக விலக்கி வைப்பதும் நன்மை தருவதன்று. பெஞ்ச், ஸ்கல்லின் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி, 50 வயதைக் கடந்த 4 இலட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பகுத்து 2025இல் வெளியிட்ட கட்டுரை, எண்ணிமக் கருவிகளைப் பயன்படுத்துவோரிடம் அறிதல் தளர்வு குறைவாகக் காணப்படுவதைத் தெரிவித்தது. தெளிவான மனம் உடையோரே கருவிகளை அதிகம் நாடுகின்றனர் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் இதனை மருந்தாகக் கொள்ள முடியாது. ஆயினும், பயன்பாடு மூளையைக் கெடுக்கும் என்னும் பரவலான அச்சத்துக்கு இத்தரவுகளில் ஆதரவில்லை. அறுபது வயதுகளிலேயே கருவிகளைக் கைப்பழக்கமாக்கிக்கொள்வோர், பின்னாளில் தளர்வு நேர்ந்தாலும் செய்முறை நினைவின் துணையைப் பெறுவர்.

சட்டமும் கடமையும்

இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய அமைப்பான டபிள்யூ3சி 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி, ஒரு சேவைக்குள் நுழைவதற்குக் கடவுச்சொல்லை நினைவிலிருந்து எடுப்பதையோ புதிரை விடுவிப்பதையோ ஒரே வழியாக வைக்கக் கூடாது என விதித்திருக்கிறது. ஒருமுறை கொடுத்த தகவலை அதே செயற்பாட்டில் மீண்டும் கேட்கக் கூடாது என்பதும், உதவி பெறும் வழி எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதில் அடங்கும். சக்கர நாற்காலிக்குச் சரிவுப்பாதை எப்படியோ, அறிதல் தளர்ந்தோருக்கு இவ்விதிகள் அப்படியே.

இலங்கை இத்துறையில் வெறுமையாக இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளையும், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளையும் பாதுகாக்க இயற்றப்பட்டன. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தை நாடு 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அச்சாசனத்தின் 9ஆம் உறுப்புரை கட்டடங்களோடு தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்தே அணுகல் உரிமையைப் பேசுகிறது. கட்டட வாயிலில் சரிவுப்பாதை அமைப்பதை மட்டும் அணுகல் எனக் கொள்ளும் பழக்கம் மாறி, பிரதேச செயலகத்தின் இணையப் படிவமும் வங்கியின் திரையும் அதே உரிமைக்குள் அடங்குபவை என்னும் தெளிவு ஏற்பட வேண்டும்.

நிறுவனங்கள் செய்யவேண்டியவை மிகப் பெரியவை அல்ல. பணம் எடுக்கும் இயந்திரத்தில் ‘மெதுவாகச் செய்க’ என்னும் ஒரு தெரிவைச் சேர்க்கலாம். செயலியின் முகப்பை மாற்றும்போது பழைய முகப்பை விரும்புவோருக்கு அதனையே தொடர அனுமதிக்கலாம். கோருவோருக்குக் கட்டண விவரத்தைத் தாளில் அனுப்பலாம். புதிய சேவையை வெளியிடுமுன் எழுபது வயதைக் கடந்தவர்களையும் அறிதல் குறைபாடுடையோரையும் கொண்டு, தமிழிலும் சிங்களத்திலும் அதனைச் சோதித்துப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர் அமர்ந்து பதில் சொல்லும் ஒரு கருமபீடம் ஒவ்வொரு வங்கியிலும் தபாலகத்திலும் செயலகத்திலும் திறந்திருக்க வேண்டும். எந்தச் சேவையும் திரையின் வழியாக மட்டுமே கிடைப்பதாக இருக்கலாகாது.

குடும்பத்தாரின் கடமையும் இதற்கு இணையானது. தடுமாறும் கையிலிருந்து தொலைபேசியை வாங்கி வேலையை விரைந்து முடித்துக் கொடுப்பது அன்பினால் செய்யப்படுவதாயினும், அது அவரிடம் எஞ்சியிருக்கும் பழக்கத்தை நாளடைவில் அழித்துவிடும். அருகில் அமர்ந்து, அவருடைய விரலே பொத்தானை அழுத்தும்வரை காத்திருப்பதற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகத் தேவைப்படும். அச்சில நிமிடங்களை மனமுவந்து தரும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் அறிதல் தளர்ந்தோர் தம் வாழ்க்கையைத் தாமே நடத்துவோராக இன்னும் பல காலம் இருப்பர்.